விளக்கும் ஏடும் ஒரே கையில்: ஐரா காப்ளியின் வாழ்வு

அமெரிக்க நாட்டின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிக்காகோ மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், ஃபாக்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த நகரம் அரோரா. உரோமர் தம் வைகறைத் தெய்வத்துக்கு இட்டு வழங்கிய பெயர் அது. வேதப் பாடல்கள் போற்றும் உஷைக்கு ஒப்பானவள் அத்தெய்வம். பெயருக்கேற்ப அந்நகரம் 1881ஆம் ஆண்டிலேயே தன் தெருக்களுக்கு மின்விளக்கு ஏற்றியது. நகரம் முழுமைக்கும் மின்னொளி தந்த முதல் அமெரிக்க நகரங்களுள் ஒன்று என்னும் சிறப்பினால் 'விளக்குகளின் நகரம்' என்று அது தன்னை இன்றளவும் அழைத்துக்கொள்கிறது. எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தம் மின்நிலையத்தைத் தொடங்கியதுகூட அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

ஊருக்கெல்லாம் விடியலாக வந்த அவ்வொளி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அந்தியாக வந்தது. அரோரா வாயு விளக்கு நிறுவனம் என்பது அதன் பெயர். பெயரிலேயே விளக்கை வைத்திருந்த அந்நிறுவனத்தின் விளக்கு இனி யாருக்கு வேண்டும் என்ற கேள்வி எழுந்திருந்த வேளையில், 1889ஆம் ஆண்டில், சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இருபத்தைந்து அகவை இளைஞர் ஒருவர் அதன் பொறுப்பை ஏற்றார். அவர்தாம் ஐரா கிளிஃப்டன் காப்ளி. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டி, ஆறு முறை அமெரிக்கக் காங்கிரசின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட நாளிதழ்களுக்கு உரிமையாளராக விளங்கிய அவரைப் பற்றித் தமிழில் அறிமுகம் மிகக் குறைவு. ஹெர்ஸ்ட், புலிட்சர் ஆகியோரின் பெயர்களை அறிந்த அளவுக்குக் காப்ளியின் பெயரை இலக்கிய அன்பர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும், எழுத்து எவருடைய பணத்தில் அச்சேறுகிறது என்ற வினாவில் கருத்துடையோர் ஹெர்ஸ்டைக் காட்டிலும் கூர்ந்து நோக்கவேண்டிய வாழ்வு இவருடையது.

கண்ணொளி

காப்ளி 1864ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் இல்லினாய்ஸ் மாநிலத்து நாக்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிவுறாத காலம் அது. இரண்டு அகவையில் கண்ட செங்காய்ச்சல் அவருடைய கண்களைப் பறித்தது. பிள்ளையின் மருத்துவத்துக்காகவே குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்து அரோராவுக்கு வந்தது. பார்வை மெல்ல மெல்லத் திரும்பிற்று. பிற்காலத்தில் விளக்கு விற்றும் அச்சிட்ட தாள் விற்றும் வாழ்ந்தவர், இரண்டாலும் பயனில்லாத ஓர் இருட்டில் தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது கதாசிரியர் புனைந்திருந்தால் செயற்கை என்று தள்ளத்தக்க செய்தி. வரலாறு அத்தகைய கூச்சம் எதுவும் இல்லாதது.

அரோராவின் ஜென்னிங்ஸ் பள்ளியில் 1881இல், அதாவது நகரில் மின்விளக்கு எரியத் தொடங்கிய அதே ஆண்டில், அவர் படிப்பை முடித்தார். 1887இல் யேல் பல்கலைக்கழகத்துப் பட்டமும் 1889இல் சிக்காகோவில் சட்டப் பட்டமும் பெற்றார். வழக்கறிஞராக அமரவேண்டியவர் வாயு நிறுவனத்தின் கணக்கேடுகளின் முன் அமர்ந்தார்.

அக்கால வாயுத் தொழிலை அறிந்தால்தான் அவருடைய திறம் விளங்கும். நிலக்கரியைக் காற்றுப் புகாத கலங்களில் இட்டுச் சூடேற்றுவார்கள். அதினின்று எழும் வாயுவைக் கழுவித் தூய்மை செய்து, நீரில் மிதந்து ஏறியிறங்கும் பெரிய இரும்புத் தொட்டியில் சேமித்து, தெருவுக்கு அடியில் பதித்த குழாய்களின் வழியே வீடுகளுக்கு அனுப்புவார்கள். கலத்தில் எஞ்சுவது கல்கரி. வழிந்து வருவது கரித்தார். இரண்டுக்கும் விலை உண்டு. குழாய் பதிக்கும் செலவு முழுவதும் முதலிலேயே செய்யப்பட வேண்டியது; அதன்பின் ஒரு வீட்டைக் கூடுதலாக இணைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. ஆகவே குழாய் எவ்வளவு நீளுமோ அவ்வளவு ஆதாயம். ஒரே தெருவில் இரு நிறுவனங்கள் குழாய் பதிப்பதோ வீண். எந்தத் தெருவைத் தோண்டலாம், என்ன விலை வாங்கலாம் என்பதற்கெல்லாம் நகராட்சியின் இசைவு தேவை. இவ்விடத்தில்தான் இத்தொழில் மற்றத் தொழில்களினின்று வேறுபடுகிறது. துணிக் கடைக்காரருக்கு அரசியல் வேண்டியதில்லை. வாயு வணிகருக்கு அரசியல் தொழிலின் ஒரு பகுதி.

மின்விளக்கோடு போட்டியிட்டு வாயு விளக்கு வெல்ல இயலாது என்பதைப் பல நிறுவனங்கள் காலம் கடந்தே உணர்ந்தன. ஆஸ்திரிய வேதியியலார் ஆவர் கண்ட வலைத்திரி வாயுச் சுடருக்கு வெண்ணிற ஒளியை அளித்து அவற்றின் ஆயுளைச் சில பத்தாண்டுகள் நீட்டியது உண்மை. ஆயினும் தொழில் பிழைத்தது கூடத்திலன்று, அடுக்களையில்தான். ஒளிக்காக விற்ற பொருளை வெப்பத்துக்காக விற்கலாம் என்னும் மாற்றம் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் அக்காலத்தில் நிகழ்ந்தது. காப்ளி அம்மாற்றத்தின் அலைமேல் ஏறியவர். அண்டை ஊர்களின் நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தம்முடையதோடு இணைத்து, எதிரியாக வந்த மின்சாரத்தையும் தம் வணிகத்துள் சேர்த்துக்கொண்டு, வெஸ்டர்ன் யுனைடெட் வாயு மின்சார நிறுவனத்தை அவர் உருவாக்கினார். சில ஆண்டுகளில் ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர்களின் அடுப்புகளும் விளக்குகளும் பெரும்பாலும் அவருடைய குழாயிலும் கம்பியிலும் தொங்கின.

ஏடு வந்த வழி

1905ஆம் ஆண்டில் காப்ளி 'அரோரா பீக்கன்' என்னும் உள்ளூர் நாளிதழை விலைக்கு வாங்கினார். பீக்கன் என்ற சொல்லுக்குக் கலங்கரை விளக்கு என்று பொருள். தொடர்ந்து எல்ஜின், ஜோலியட் ஆகிய அண்டை நகரங்களின் நாளிதழ்களும் அவர் கைக்கு வந்தன. இம்மூன்று ஊர்களும் அவருடைய வாயுக் குழாய் ஓடிய வட்டாரத்தில் உள்ளவை. பின்னர் அவர் போட்டியிட்டு வென்ற காங்கிரஸ் தொகுதியும் அதே வட்டாரம்தான். ஒரே வாசகர் காலையில் அவருடைய வாயுவில் காப்பி கொதிக்க வைத்து, மாலையில் அவருடைய விளக்கடியில் அவருடைய ஏட்டைப் படித்து, தேர்தல் நாளில் அவருக்கே வாக்களிக்கும் நிலை அங்கு உருவாயிற்று. வாயுக் கட்டணம் மிகுதி என்று அவ்வூரில் ஒருவர் கருதினால் அக்கருத்தை எந்த ஏட்டில் எழுதுவார்? எந்த உறுப்பினரிடம் முறையிடுவார்?

இவ்வினாக்களைக் கொண்டு காப்ளியை ஒரு கொடுங்கோலராகத் தீட்டிவிடுவது எளிது. அவருடைய அரசியல் வரலாறோ அவ்வளவு எளிதாக வண்ணம் தீட்ட இடம் தருவதில்லை.

அவர் 1910 தேர்தலில் வென்று 1911 மார்ச்சு மாதத்தில் கீழவையுள் நுழைந்தார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு அந்த அவையில் ஒரு புரட்சி நிகழ்ந்திருந்தது. அவைத் தலைவர் ஜோசப் கானன் இல்லினாய்ஸ்காரர். எந்தச் சட்ட வரைவு அவைக்கு வரலாம், எவர் எழுந்து பேசலாம் என்பதெல்லாம் அவருடைய விரலசைவில் இருந்தது. 1910 மார்ச்சில் குடியரசுக் கட்சிக்குள்ளிருந்தே எழுந்த கிளர்ச்சியாளர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து அவ்வதிகாரத்தைப் பறித்தனர். அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் நெபராஸ்கா மாநிலத்து ஜார்ஜ் நாரிஸ். இப்பெயரை வாசகர் நினைவில் இருத்திக்கொள்வது நன்று.

கானனின் மாநிலத்திலிருந்து வந்தும் காப்ளி சேர்ந்தது சீர்திருத்த அணியில்தான். பெருமுதலாளிகளின் பிடியிலிருந்து அரசை மீட்கவேண்டும் என்று முழங்கிய தியடோர் ரூஸ்வெல்ட் 1912இல் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். 1914 தேர்தலில் காப்ளி குடியரசுக் கட்சியின் சின்னத்தை விட்டு அம்முற்போக்குக் கட்சியின் சார்பிலேயே நின்று வென்றார். தம் தொழிலை ஒழுங்குபடுத்தத் துடித்த கட்சியிலேயே ஒரு வாயு வணிகர் இடம்பெற்றது வியப்புக்குரியது. ஆனால் அக்கால முற்போக்கு இயக்கத்தில் இத்தகையோர் சிலர் இருந்தனர். நகராட்சி உறுப்பினர்களுக்குக் கையூட்டு அளித்து இசைவு பெறும் முறையைவிட, மாநில ஆணையம் ஒன்று விலையை நிறுத்தும் முறையே தொழிலுக்குப் பாதுகாப்பானது என்று சிக்காகோ மின்சார மன்னர் சாமுவேல் இன்சல்கூட வாதிட்டதுண்டு. ஒழுங்குமுறை என்பது முதலாளிக்கு எப்போதும் பகையன்று. சில வேளைகளில் வேலியாகவும் பயன்படும்.

ஆயினும் தன்னலம் என்ற ஒற்றைத் திறவுகோலால் திறக்க முடியாத ஒன்றும் அவருடைய காங்கிரஸ் வாழ்வில் உண்டு. சிறுவர் உழைப்புக்கு எதிராக முன்வைக்கப்பெற்ற தொடக்கக் கூட்டரசுச் சட்ட வரைவுகளுள் ஒன்று அவர் பெயரையும் செனட் உறுப்பினர் பாயின்டெக்ஸ்டர் பெயரையும் தாங்கியது. பிள்ளைகளைக் கொண்டு செய்த பொருள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் செல்லலாகாது என்னும் வழியில் அத்தீங்கைக் கட்டுப்படுத்த அக்காலச் சீர்திருத்தர்கள் முயன்றனர். அவ்வரைவு நிறைவேறவில்லை. அதே நோக்குடைய கீட்டிங்-ஓவன் சட்டம் 1916இல் நிறைவேறியது. 1918இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில்தான் அக்கொள்கை நிலைபெற்றது. இதில் ஒரு முரணையும் மறைப்பதற்கில்லை. அந்நாளில் அமெரிக்க நாளிதழ்களைத் தெருவில் கூவி விற்றவர்களும் வீடுதோறும் வீசிச் சென்றவர்களும் பெரும்பாலும் சிறுவர்களே. 1930களில் தங்கள் ஏடு விற்கும் பிள்ளைகளுக்குச் சிறுவர் உழைப்பு விதிகள் பொருந்தலாகாது என்று நாளிதழ் உரிமையாளர் சங்கமே போராடியது.

1922இல் தம் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஃபிராங்க் ரீட் என்பவரிடம் காப்ளி தோற்றார். (விமானப்படை வீரர் பில்லி மிட்செல்லுக்காக 1925ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படைநீதிமன்ற வழக்கில் வாதாடியவர் இந்த ரீட்தான்.) வட்டாரத்தின் நாளிதழ்கள் கையில் இருந்தும் தோற்றார் என்பதை ஏட்டின் ஆற்றலை மிகைப்படுத்துவோர் கருதவேண்டும். 1923 மார்ச்சில் பன்னிரண்டாண்டு அவை வாழ்வு முடிந்தது.

நாரிஸ் தொடுத்த வினா

1926இல் காப்ளி தம் வாயு மின்சார நிறுவனத்தை விற்றார். விற்ற காலம் மிக நல்ல காலம். பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. மின்சார நிறுவனங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இன்சல் போன்றோரின் கோபுரங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. 1932இல் அக்கோபுரம் சரிந்து, எண்ணற்ற சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பு கரைந்தது. இன்சல் கிரேக்க நாட்டுக்கு ஓடி, பிடித்து வரப்பெற்று, 1934இல் வழக்கிலிருந்து விடுபட்டார். காப்ளி அதற்கெல்லாம் முன்பே கரை ஏறியிருந்தார்.

கையில் இருந்த பெரும்பணத்தை அவர் ஏடுகளில் இட்டார். இல்லினாய்ஸ் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டின் 'ஸ்டேட் ஜர்னல்' அவருடையதாயிற்று. 1831இல் தொடங்கிய அவ்வேடு ஆபிரகாம் லிங்கனின் அரசியல் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. 1928இல் தென் கலிபோர்னியாவில் 'சான் டியாகோ யூனியன்', 'ஈவினிங் டிரிபியூன்' ஆகிய இரண்டையும் வாங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுப்புறத்துச் சிறு நகரங்களின் நாளிதழ்கள் பலவும் அதே காலத்தில் அவரிடம் வந்தன.

சான் டியாகோ ஏடுகளின் பழைய உரிமையாளர் 1926இல் மறைந்த ஜான் ஸ்பிரெக்கல்ஸ். சர்க்கரைப் பேரரசர் ஒருவரின் மகன் அவர். நகரின் டிராம் வண்டி, படகுத்துறை, தண்ணீர் நிறுவனம், இரயில்பாதை, பெரிய விடுதி, நாளிதழ்கள் எல்லாம் அவர் வசம் இருந்தன. எனவே, குழாயும் ஏடும் ஒரே கையில் இருப்பது சான் டியாகோ மக்களுக்குப் புதிதன்று. கொரனாடோ கடற்கரையில் ஸ்பிரெக்கல்ஸ் கட்டிய மாளிகையையும் காப்ளியே வாங்கிக் குடிபுகுந்தார். அம்மாளிகை பின்னர்த் தங்கும் விடுதியாக மாறியது.

இவ்வாண்டுகளில்தான் பழைய கிளர்ச்சித் தலைவர் நாரிஸ் மீண்டும் வரலாற்றில் குறுக்கிடுகிறார். 1911 முதல் 1913 வரை ஈராண்டுகள் இருவரும் கீழவையில் உடன் இருந்தவர்கள். சீர்திருத்த அணியில் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். 1913இல் செனட் அவைக்குச் சென்ற நாரிஸ் மின்சாரம் மக்களின் உடைமையாதல் வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்டார். 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அமைந்தது பெரிதும் அவர் உழைப்பால்தான். 1928இல் செனட் அவையின் தீர்மானப்படி, மின்சார வாயு நிறுவனங்களைப் பற்றிக் கூட்டரசு வணிக ஆணையம் விசாரணை தொடங்கிற்று. பல்லாண்டுகள் நீண்ட அவ்விசாரணை வெளிக்கொணர்ந்தவை படிப்போரைத் திகைக்க வைப்பவை. மின்சார நிறுவனங்களின் சங்கம் பேராசிரியர்களுக்குப் பணம் தந்திருந்தது. பள்ளிப் பாடநூல்களில் தனக்கு ஒவ்வாத பகுதிகளை மாற்ற முயன்றிருந்தது. சிற்றூர் ஏடுகளுக்கு ஆயத்தமாக எழுதப்பெற்ற செய்திகளையும் தலையங்கங்களையும் விலையின்றி அனுப்பி வந்தது. அத்தலையங்கங்கள் ஏட்டாசிரியரின் சொந்தக் கருத்தாகவே அச்சாயின. இத்தகைய பரப்புரைக்கு முன்மாதிரியாக விளங்கிய குழுவை இன்சல் 1919இல் அமைத்ததும் இல்லினாய்சிலேதான்.

1929இல் விசாரணை நாளிதழ் உரிமையை நோக்கித் திரும்பிற்று. இன்டர்நேஷனல் பேப்பர் அண்டு பவர் என்னும் நிறுவனம் காகிதமும் மின்சாரமும் ஒருசேர விற்றது. அது பாஸ்டன் நகரத்து 'ஹெரால்டு', 'டிராவலர்' ஆகிய ஏடுகள் உட்படப் பல நாளிதழ்களில் இலட்சக்கணக்கான டாலரை முடக்கியிருந்தது தெரியவந்தது. செய்தி வெளியானதும் ஃபிராங்க் கேனட் என்னும் ஏட்டுரிமையாளர் அந்நிறுவனத்தின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகினார். அவ்வேளையில்தான், கலிபோர்னியாவில் திடுமென ஓர் ஏட்டு வரிசையை வாங்கிய முன்னாள் வாயு மன்னர்மீது ஐயம் விழுந்தது. காப்ளியின் ஏடுகளுக்குப் பின்னே மின்சாரக் கூட்டாதிக்கம் நிற்கிறது என்று நாரிஸ் குற்றம் சாட்டினார். காப்ளி ஆணையத்தின் முன் தோன்றி அதை மறுத்தார். தம் ஏடுகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கியவை என்பது அவர் கூற்று.

அக்கூற்றை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் நாரிஸ் தொடுத்த வினா அவிந்துவிடவில்லை. காப்ளியின் சொந்தப் பணம் என்பது எது? முப்பத்தேழு ஆண்டுகள் ஃபாக்ஸ் பள்ளத்தாக்கின் வீடுகள் மாதந்தோறும் கட்டிய வாயுக் கட்டணம்தானே? வெளியார் எவரும் தலையங்கம் எழுதித் தரவேண்டியதில்லை. ஏட்டின் ஆசிரியருக்கு உரிமையாளரின் பிறப்பும் வளர்ப்பும் தெரியும். கட்டளை இடாமலே கீழ்ப்படியும் எழுத்துதான் எழுத்துகளுள் மிகவும் ஐயத்துக்குரியது. மற்றொரு புறம், நாரிசின் ஐயத்தை இறுதிவரை நீட்டினால் எந்த ஏடும் தப்பாது. நிலவுடைமையாளர் நடத்தினால் நிலத்தின் ஏடு. கட்சி நடத்தினால் கட்சியின் ஏடு. எவர் பணமும் இல்லாமல் நடத்தப்பெறும் ஏடு ஆறாவது இதழோடு நின்றுவிடுகிறது. சிற்றிதழ் நடத்தி அச்சகக் கணக்குத் தீர்க்க முடியாமல் திணறிய கவிஞர் எவருக்கும் இதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த வழி வாசகருக்குத் தெரிகிறதா என்பதே கேட்கத்தக்கது எனலாம். தெருவுக்கு அடியில் ஓடும் குழாயை யாரும் பார்ப்பதில்லை.

1941இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்தின் நாயகன் ஏட்டுரிமையாளன், தேர்தலில் தோற்றவன், மாளிகையில் தனித்து முடிபவன். ஹெர்ஸ்டையும் இன்சலையும் கலந்து வார்த்த பாத்திரம் அது. ஏடு, அவை, மின்சாரம் ஆகிய மூன்றையும் ஒரே வாழ்வில் பெற்றிருந்த காப்ளி அப்பொழுது கொரனாடோ மாளிகையில் உயிரோடுதான் இருந்தார். அவர் அத்தகைய நாடகத்தன்மை உடையவர் அல்லர். ஆகவே படமாகவும் இல்லை. ஊரார் அவரைக் கர்னல் என்று அழைத்தனர். அரோராவின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. 1947 நவம்பரில், எண்பத்து மூன்றாம் அகவையில், அரோராவிலேயே அவர் மறைந்தார்.

இரு மைந்தர்

காப்ளிக்கும் அவருடைய முதல் மனைவி எடித்துக்கும் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. 1918ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சல் அமெரிக்காவில் எண்ணற்ற பிள்ளைகளை அநாதைகளாக்கியது. அவ்வாறு பெற்றோரை இழந்த இருவரை அவர்கள் தத்தெடுத்தனர். 1916இல் பிறந்த ஜேம்ஸ் ஒருவர். 1919இல் பிறந்த வில்லியம் மற்றவர். காய்ச்சலில் கண் இழந்து மீண்ட ஒருவருக்குக் காய்ச்சலில் தாய்தந்தையரை இழந்த இருவர் மக்களாயினர்.

ஏடுகள் ஜேம்சிடம் சென்றன. அவர் காலத்தில் அவை குடியரசுக் கட்சியின் அழுத்தமான குரலாயின. 'சான் டியாகோ யூனியன்' ஆசிரியர் ஹெர்பர்ட் கிளைன் குடியரசுத் தலைவர் நிக்சனின் செய்தித் தொடர்பு இயக்குநராகவே சென்றார். 1973இல் ஜேம்ஸ் மறைந்தபின் அவர் மனைவி ஹெலன் பொறுப்பேற்றார். 1992இல் இரு சான் டியாகோ ஏடுகளும் ஒன்றாயின. 2006இல் அவ்வேடும் காப்ளி செய்தி நிறுவனமும் புலிட்சர் பரிசு பெற்றன. கையூட்டு வாங்கிய காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை வெளிப்படுத்தியமைக்காக அப்பரிசு வந்தது என்பதும், அவ்வுறுப்பினர் குடியரசுக் கட்சியினர் என்பதும், உரிமையாளரைக் கொண்டு ஏட்டை முற்றிலும் கணிக்கலாகாது என்பதற்குச் சான்று. ஆனால் அச்சேடுகளின் காலம் அப்போது சரிந்துகொண்டிருந்தது. அரோரா, எல்ஜின், ஜோலியட் ஏடுகள் 2000த்திலும், ஸ்பிரிங்ஃபீல்டு ஏடு 2007இலும், சான் டியாகோ ஏடு 2009இலும் விற்கப்பட்டன. நூறாண்டு கடந்த உரிமை அத்தோடு முடிந்தது.

வில்லியமின் கதை வேறு. சிலகாலம் குடும்ப ஏட்டில் செய்தியாளராக இருந்தும் அவர் மனம் அதில் ஒட்டவில்லை. தந்தை இறந்த மறு ஆண்டில், 1948இல், தம் மைத்துனரோடு சேர்ந்து பெவர்லி ஹில்சில் ஓர் ஓவியக்கூடம் திறந்தார். மாக்ரீட், மாக்ஸ் எர்ன்ஸ்ட், மான் ரே, ஜோசப் கார்னெல் ஆகிய மிகைநடப்பியல் கலைஞர்களின் படைப்புகளை அங்கே தொங்கவிட்டார். வாங்குவார் இல்லை. ஒவ்வொரு கண்காட்சியிலும் பத்தில் ஒரு பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் கலைஞர்களுக்கு வாக்களித்திருந்தமையால், விற்காத படங்கள் அவரிடமே குவிந்தன. ஏறத்தாழ அரையாண்டில் கூடம் மூடப்பட்டது. பின்னர்ப் பாரிசுக்குச் சென்று, தம் பெயரில் உயிரெழுத்துகளை நீக்கி நான்கு மெய்யெழுத்துகளால் கையெழுத்திட்டு, தாமே ஓவியராக வாழ்ந்தார். கூடத்தின் தோல்வியில் குவிந்த படங்கள் உள்ளிட்ட அவருடைய சேகரிப்பு 1979இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ 67 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. கணக்கில் தந்தையை வென்ற வணிகம் அது. ஆனால் வணிகமாக நினைத்துச் செய்ததன்று.

1968இல் அவர் ஓர் இதழும் நடத்தினார். கட்டாத தனித்தனித் தாள்களும் சிறு பொருள்களும் ஒலிப்பதிவுகளும் ஓர் உறையில் இட்டு, உறுப்பினர்க்கு அஞ்சலில் அனுப்பிய இதழ். புகழின் உச்சியில் இருந்த துஷாம்புக்கும் பெயர் தெரியாத இளைஞருக்கும் ஒரே ஊதியம், ஆளுக்கு நூறு டாலர். ஆறு இதழோடு அதுவும் நின்றது. எரிவாயுவில் பிறந்த செல்வம் அருகில் இருந்தும் சிற்றிதழின் ஆயுள் ஆறுதான் போலும்!

மார்செல் துஷாம்பு அதே 1968இல் மறைந்தார். ஓவியம் தீட்டுவதை அவர் விட்டுவிட்டதாக உலகம் நம்பியிருந்த இருபது ஆண்டுகளில், 1946 முதல் 1966 வரை, ஒரு படைப்பை எவருமறியாமல் நியூயார்க்கில் அமைத்து வந்திருந்தார். அதை விலைக்குப் பெற்று 1969இல் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்கு வழங்கியது வில்லியம் காப்ளியின் கசாண்ட்ரா அறக்கட்டளை. இப்படைப்பின் தலைப்பைத் தமிழில் 'கொடுக்கப்பட்டவை: 1. அருவி, 2. ஒளிதரும் வாயு' எனலாம். பழைய மரக்கதவு ஒன்று. அதில் கண் மட்டத்தில் இரண்டு துளைகள். கண்ணை வைத்து நோக்குவோருக்கு உடைந்த செங்கற் சுவரும், அதற்கப்பால் உலர்ந்த சருகின்மேல் கிடக்கும் பெண்ணுருவமும், தொலைவில் விழுந்துகொண்டே இருக்கும் ஓர் அருவியும் தெரியும். அப்பெண்ணின் உயர்த்திய கையில் எரிந்துகொண்டிருப்பது ஒரு வாயு விளக்கு.